வலை அலமாரியில் ஒரு குடித்தனம்

கல்யாணத்தை முன்னிட்டு என் பீரோவில் பாதியைக் காலி செய்து வைத்திருந்தேன். சட்டை வேட்டிகளை ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி, மறுபக்கத் தட்டுகளைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து, மூலைக்கு ஒரு அந்துருண்டையும் போட்டேன். அவ்வளவு பொறுப்பாக அதற்குமுன் நான் எந்தக் காரியத்தையும் செய்ததில்லை. தை மாதம் கல்யாணம். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. அந்தப் பாதி காலியாகவே கிடந்தது.

என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. எங்கள் ராஜபாளையத்தில் பஸ் ஏறிக் கண்ணை மூடினால், தூக்கம் பிடிப்பதற்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவளுக்கு என்னவோ கடல் தாண்டி வந்துவிட்ட மாதிரிதான். அவளுடைய அப்பா பால்கோவா போடுகிறவர். கட்டில், மெத்தை, பாத்திரம் என்று சீர் வந்து இறங்கியபோது கூடவே வலை அடித்த மர அலமாரி ஒன்றும் இறங்கியது. கோவாவை ஈ மொய்க்காமல் ஆறவைக்கக் கடையில் பல வருஷம் நின்ற அலமாரி. மூன்று பக்கமும் கதவிலும் பொடிக்கண் கம்பி வலை, உள்ளே இரண்டு தட்டுப் பலகை. இது வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி வந்தாளாம். எங்கள் அடுப்படியில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால் இது எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தது.

அவள் தன் சேலைகளை அதில்தான் அடுக்கினாள். அம்மா வீட்டுக்குப் போகும்போது அத்தனையையும் எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு போவாள். வந்ததும் திரும்ப அதிலேயே அடுக்குவாள். பையை மட்டும் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைப்பாள். சேலைகளில் எப்போதும் லேசாகப் பால் வாசம் அடிக்கும்.

நான் எதற்கெடுத்தாலும் கத்துகிற ஆள். தறி நின்றால் கத்துவேன், காபி ஆறினால் கத்துவேன். இதற்கு மட்டும் வாய் வரவில்லை. காலையில் பீரோவைத் திறந்தால் அந்தக் காலித் தட்டுதான் முதலில் கண்ணில் படும். இவள் இந்த வீட்டில் இருக்க வந்தவளா, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவளா என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கேட்கவும் பயம். கேட்டு, பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

அப்படி ஒருமுறை ஊருக்குப் போய்த் திரும்பும்போது, அவர்கள் வீட்டு வேலியிலிருந்து மருதாணிக் கொப்புகளை ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தாள். இலை உருவ உட்கார்ந்த என் அம்மா, "ஆத்தி!" என்று கத்தி முறத்தோடு வீசினாள். கொப்பின் நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு பச்சோந்திக் குஞ்சு. முறம் பறந்தது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கண் அம்மாவைப் பார்த்தது, இன்னொரு கண் என்னைப் பார்த்தது.

என் மனைவி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மருமகள் சிரிப்பு இல்லை. சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, வாய்விட்டுச் சிரித்தாள். அந்த வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வெளிய விடுலே அதை. ஓணான் வகையறா வீட்டுக்கு ஆகாது" என்றாள் அம்மா.

"மழையா இருக்கு அத்தை. இம்புட்டுக்காணு குஞ்சு, எங்க போகும்? செத்த நேரம் இருக்கட்டுமே" என்றாள் இவள்.

செத்த நேரம் என்ன, ஆயுசுக்கும் இருக்கட்டும் என்று நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். இவளைச் சிரிக்க வைத்த ஜீவன் என் வீட்டில் சாகக்கூடாது. அதற்கு நல்லதாக ஒரு வீடு பார்க்க வேண்டும். அவ்வளவுதானே?

முதலில் ஊறுகாய்க் கண்ணாடிப் பரணி. மூடியில் ஆணியால் துளை போட்டு, உள்ளே ஒரு மருதாணிக் குச்சியையும் நட்டேன். உள்ளே போன பச்சோந்தி கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்து, எதிரே பங்காளி நிற்பதாக நினைத்துவிட்டது. உடம்பெல்லாம் கரும்புள்ளி ஓடி, தொண்டை உப்பி, சீறோ சீறென்று சீறியது. இந்தக் கோபத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். "உன்னைய மாதிரியே இருக்குலே" என்றாள் அம்மா.

அடுத்து சந்தையில் ஒரு கிளிக்கூண்டு வாங்கினேன். காற்று வரும், வெளிச்சம் வரும், தொங்கவும் விடலாம். குஞ்சு கூண்டைச் சுற்றி ஒரு கண்ணை ஓட்டியது. பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே, வாசல் திறந்துவிட்ட மாதிரி சாவகாசமாக நடந்து வெளியே போயிற்று. சாமி படத்தில் போட்டிருந்த சந்தன மாலையில் அது உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்தது அம்மாதான். கும்பிட்டு நிமிர்ந்தவளை அது நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. அன்றைக்கு விளக்கை நான்தான் ஏற்றினேன்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்களுக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற தொழில். வீட்டுக்குப் பின்னால் கூடத்தில் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தத் தொழில் செய்கிற வீடுகளில் எந்தப் பிரச்சினைக்கும் பேண்டேஜ் துணிதான் தீர்வு. தொட்டில் குழந்தைக்குக் கொசுவலை அதுதான். தயிர் வடிகட்டுவது அதில்தான். ஜன்னல் திரை, வடகம் காயப்போடுகிற விரிப்பு, மாம்பழத்துக்கு மூடாக்கு, எல்லாம் அதுதான். மெல்லிய துணி, காற்றுப் போகும், ஈ போகாது. பச்சோந்திக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மரச்சட்டங்களை அடித்து, என் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்டினேன். நாலு பக்கமும் புத்தம்புதுப் பேண்டேஜ் துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தேன். உள்ளே தொட்டியோடு ஒரு கருவேப்பிலைக் கன்றை வைத்தேன். எங்கள் அறையில், காலை வெயில் விழுகிற தெருப்பக்க ஜன்னலோரமாக நிறுத்திவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது, நான் மட்டும் இன்ஜினீயருக்குப் படித்திருந்தால் ஊரே மாறியிருக்கும் என்று தோன்றியது.

தறிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தேர்தல் நேரம் வேறு. ஆளுக்கொரு கட்சிக் கரைத்துண்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் பிடித்து, எந்த நிறத்துக்கு மாறுகிறது பார்ப்போம் என்றார்கள். அது எந்தக் கட்சிக்கும் மாறவில்லை. வெள்ளைத் துணியில் நடந்தாலும் பச்சையாகவே இருந்தது. தொந்தரவு பொறுக்காமல் போனபோதுதான் கறுத்தது. "இதைப் போயி அரசியல்வாதிக்கு உவமை சொல்லுதாங்களே அண்ணாச்சி" என்று ஒருவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

வெல்லத்தை வைத்து ஈ பிடித்து உள்ளே விட்டோம். ஈக்கள் உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. குஞ்சு அடியில் கருவேப்பிலையில் உட்கார்ந்து, எங்கோ மேலே கேட்கிற சத்தத்துக்கு இரண்டு கண்ணையும் சுழற்றியதே தவிர, நாக்கை நீட்டவில்லை.

"வீடு பெருசாப் போச்சுங்க. இம்புட்டுப் பெரிய வீட்டுல சின்னதுக்குத் திசை தெரியாதுல்ல?" என்றாள் என் மனைவி.

அவள் குஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஏனோ சுருக்கென்றது. மறுபேச்சுப் பேசாமல் கூண்டுக்கு நடுவே குறுக்கே ஒரு துணியைக் கட்டி உயரத்தைக் குறைத்தேன். அதற்குப் பிறகு நாக்கு நீண்டது. தன் உடம்பு நீளத்துக்கு நாக்கு போய், ஈயோடு திரும்பி வந்தது. இவள் கைதட்டினாள். என் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "தின்னுச்சா?" என்று கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி போய்விட்டாள்.

தண்ணீர்தான் பெரும்பாடாக இருந்தது. கிண்ணத்தில் வைத்தால் அது கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உடம்பு சுருங்கி, கண் உள்ளே போயிற்று. ஒருநாள் இவள் கன்றுக்குத் தண்ணீர் தெளித்தபோது, இலையில் நின்ற சொட்டை அது நக்கியது. கிண்ணத்துத் தண்ணீர் அதன் கண்ணில் படவில்லை, இலையில் மினுக்குகிற சொட்டுதான் தண்ணீர் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து இவள் ஒரு செம்பை வைத்துக்கொண்டு கூண்டருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். தெளிப்பாள், காயும், மறுபடி தெளிப்பாள். சாப்பிட வா என்றால், "காஞ்சுருமே" என்பாள். ஒருநாள் முகமே வாடிப் போயிருந்தது. "செத்துருமோ? நான் கொண்டாந்திருக்கக் கூடாதுங்க. அதுபாட்டுக்கு அங்க இருந்திருக்கும்" என்றாள். அவள் யாரைப் பற்றிச் சொல்கிறாள் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த வாரம் நாங்கள் நெய்த துணிக்கட்டுகளைக் கொடுக்க ஓர் ஆசுபத்திரிக்குப் போனேன். வார்டில் யாருக்கோ குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாட்டிலிலிருந்து சொட்டு, சிறிது நேரம் கழித்து இன்னொரு சொட்டு. பார்த்துக்கொண்டே நின்றேன். கம்பவுண்டர் என் பள்ளித் தோழன்.

"மாப்ளே, ஒரு காலிப் பாட்டிலும் டியூப்பும் வேணும்."

"யாருக்குலே? வீட்டுல யாருக்கும் சொகமில்லையா?"

"பச்சோந்திக்கு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கும் ஒண்ணு ஏத்தி அனுப்பட்டுமா?" என்றான்.

ஊசியைக் கழற்றிவிட்டுக் கொடுத்தான். பாட்டிலையும் டியூப்பையும் மொபெட் ஹேண்டிலில் தொங்கவிட்டு ஊர் நடுவே வந்து சேர்ந்தேன். ஜன்னல் சட்டத்தில் ஆணி அடித்துப் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, டியூப்பைப் பேண்டேஜ் துணிக்குள் நுழைத்து, கருவேப்பிலையின் உச்சி இலைக்கு மேலே நிறுத்தினேன். சொட்டு விழுந்தது. இலைக்கு இலை வழிந்தது. குஞ்சு வந்து, தலையைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. இவள் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு, அம்மா வருகிற சத்தம் கேட்டதும் விட்டுவிட்டாள். என் வாழ்க்கையில் நான் கண்டுபிடித்த பொருள் அது ஒன்றுதான். அதற்கு அந்தப் பரிசு தாராளம்.

ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே என்ன தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. வெள்ளை வெளேரென்று பேண்டேஜ் துணி மறைப்பு. மேலே தொங்குகிற குளுக்கோஸ் பாட்டில். மறைப்புக்குள் இறங்குகிற டியூப். மருமகளோ ஈ பிடிக்கிற மும்முரத்தில் குழாயடிக்கு வந்தே நாலைந்து நாளாகிறது. தெரு, கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது. எங்கள் தெருவில் குடியிருந்த கண்டக்டர் ஓடுவது ஸ்ரீவில்லிபுத்தூர் தடத்தில். அங்கே அவர் டீ குடிப்பது என் மாமனார் கடைக்கு எதிரில்.

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு வாடகை அம்பாசிடர் வந்து நின்றது. மாமா இறங்கினார். ஒரு கையில் ரொட்டிப் பொட்டலமும் ஆரஞ்சும், இன்னொரு கையில் வெந்நீர் பிளாஸ்க், தோளில் இளநீர்க் குலை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் கொண்டுவர வேண்டிய சகலமும் இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"ஏன் மாப்ள, எம் மக இப்பிடிப் படுத்த படுக்கையாக் கெடக்கா, ஒரு ஆளு விட்டுச் சொல்லலாம்ல? செத்தாத்தான் சொல்லுவீகளா?"

"யாரு மாமா படுத்துக் கெடக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காதீக. ஊரே சொல்லுது, டிரிப்பு ஏறுதாம்."

என் அம்மா, "யய்யா, உக்காருங்க மொதல்ல. அவியளுக்குச் சொல்லுலே" என்று தடுமாறினாள். என்னவென்று சொல்வது? அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். கட்டில் காலி. பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டிய அவருடைய மகள் முக்காலியின் மேல் ஏறி நின்று, வலது கையை முஷ்டியாக மூடி, உள்ளே ஒரு ஈயை வைத்திருந்தாள்.

"அப்பா!" என்றாள். ஈ போய்விட்டது.

அவர் மகளைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், டியூப் வழியே கண்ணை இறக்கிக்கொண்டே போய் மறைப்பை விலக்கினார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். சொட்டுத் தண்ணீர் பட்டுப் பட்டுத் துணியின் கஞ்சி கரைந்து, ஒரு பக்கம் முழுக்கத் தொய்ந்து சரிந்திருந்தது. அந்த ஈரத்துணியின் இழைகளில் நாலு காலின் நகங்களும் மாட்டி, குஞ்சு தலைகீழாகத் தொங்கியது. கறுத்திருந்தது. அசைவில்லை.

இவள் முக்காலியிலிருந்து குதித்தாள். "கத்தரி, கத்தரி!" என்றாள். தறிக்கூடத்துக் கத்தரியை நான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். அவள் ஒரு காலைச் சுற்றி ஓர் இழை, இன்னொரு காலைச் சுற்றி இன்னொன்று என்று வெட்டினாள். மாமா ரொட்டிப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துணியை இழுத்துப் பிடித்தார். எங்கள் தொழிலுக்கு ஓட்டை விழுந்துகொண்டே போயிற்று. கடைசி நகமும் விடுபட்டதும் குஞ்சு அவள் உள்ளங்கையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண் சுழன்றது. பிறகு இன்னொன்று.

"இருக்கு" என்றாள். அவள் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. எனக்கும் மூக்கு அடைத்தது. சொல்ல வெட்கம் என்ன, அழுதேன்.

மாமாவுக்குச் சிரிக்கவா திட்டவா என்று தெரியவில்லை. உட்கார இடம் தேடித் திரும்பியவர் கண்ணில் அந்த வலை அலமாரி பட்டது. தன் கடையில் கோவா இருந்த தட்டுகளில் மகளின் சேலைகள் இருந்தன. கட்டிலுக்கு அடியில் பை. எதிரே பீரோ. அவர் வியாபாரி. ஒரு பார்வையில் சரக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்கிறவர். வரவிருந்த சிரிப்பும் அடங்கிவிட்டது. தணிந்த குரலில்தான் பேசினார். ஆனால் அறை சின்னது.

"கெளம்பு தாயி. காரு நிக்குதுல்ல. நாலு நாள் இருந்துட்டு வா. வரப் பிடிச்சா வா. பிடிக்கலைன்னா பொறவு பாத்துக்கிடுவோம். அப்பா இருக்கேன்."

தை மாதத்திலிருந்து நான் கேட்கப் பயந்த கேள்வி. அவர் இரண்டு வரியில் கேட்டுவிட்டார். என் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்கட்டில் தறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

இவள் என் பக்கம் திரும்பினாள். "இதைப் பிடிங்க" என்று குஞ்சை என் விரலுக்கு மாற்றினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டுச் சேலைகளை எடுத்தாள், நடுத்தட்டை எடுத்தாள், அடித்தட்டில் ஒன்றையும் விடவில்லை. "அம்புட்டையும் எடுக்காளே" என்று அம்மா முணுமுணுத்தாள். சேலைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டில் பக்கம் வந்தாள். நான் பையைப் பார்த்தேன். அவள் குனியவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து பீரோவுக்கு முன்னால் நின்றாள்.

"தொறங்க" என்றாள்.

ஒரு கையில் பச்சோந்தி. இன்னொரு கையால் திறந்தேன். காலித் தட்டில் விரித்த தாளைக் குனிந்து பார்த்தாள். மஞ்சளாகியிருந்தது.

"இது எப்ப விரிச்சது?"

"கல்யாணத்துக்கு முந்தின நாளு."

என்னைப் பார்த்தாள். தாளை மாற்றவில்லை. அதன் மேலேயே சேலைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு அலமாரிக்கு வந்து மேல்தட்டுப் பலகையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள்.

"அப்பா, இளநியைக் கீழ வச்சுட்டு அந்தக் கருவேப்பிலைத் தொட்டியைத் தூக்குங்க."

அவர் தூக்கினார். தொட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று பக்கமும் காற்று, மேலிருந்து டியூப் நுழைய ஒரு துளை போட்டால் போதும், நகம் மாட்டுகிற நூல் எங்கும் இல்லை. மாமா வலையைச் சுண்டிப் பார்த்தார்.

"நான் ஈ உள்ள வந்துரக் கூடாதுன்னு வலை அடிச்சேன். நீங்க ஈ வெளிய போயிரக் கூடாதுன்னு வலைக்குள்ள விடுதீக. நல்ல குடித்தனம்" என்றார்.

குஞ்சை நான் உள்ளே விட்டேன். ஒரு காலைத் தூக்கி, முன்னும் பின்னும் ஆடி, பிறகு கொப்பைப் பிடித்தது. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "கீழ்த்தட்டையும் எடுத்துரட்டா?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாம். சின்னதுக்கு இம்புட்டு இடம் போதும். வளந்த பொறவு எடுப்போம்" என்றாள்.

மாமா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் டிரைவரிடம் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்து ரொட்டிப் பொட்டலத்தை என் அம்மாவிடம் நீட்டி, "நோயாளி இல்லைன்னு ஆயிப்போச்சு, இதை யாரு திங்கது?" என்று கேட்டார். அம்மா காபி போட்டாள். நாலு பேரும் தரையில் உட்கார்ந்து ரொட்டியைக் காபியில் தொட்டுத் தின்றோம்.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கீழ்த்தட்டையும் எடுக்க வேண்டியதாயிற்று.